‘அப்படியே அனுப்புங்க’

“லைஸ் பண்ணாதீங்க டாக்டர். லோடிங் மட்டும் குடுத்து அப்படியே அனுப்புங்க. நாற்பது நிமிஷத்துல வந்துடுவாங்க, கேத் லேப் ரெடியா இருக்கும்.” வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய ஈசிஜியைப் பார்த்துவிட்டுப் பெரிய மருத்துவமனையின் இதய மருத்துவர் சொன்னது இவ்வளவுதான். அதாவது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வேண்டாம், முதல் டோஸ் மாத்திரைகளை மட்டும் கொடுத்து, அடைப்பை வயர் விட்டுத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்புங்கள் என்று. நான் “சரி சார்” என்றேன். அப்புறம் ஊசியைப் போட்டுத்தான் அனுப்பினேன்.

ஈசிஜியில் சந்தேகத்துக்கே இடமில்லை. வி1 முதல் வி4 வரை எஸ்டி கோடு தூக்கி நின்றது, இதயத்தின் முன்பக்க மாரடைப்பு. நோயாளி ஐம்பதைத் தாண்டியவர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். வலி வந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதில் பாதி சோடாவிலும் ஜெலுசிலிலும் போய்விட்டது. ‘கேஸ்தான், சரியாப் போயிடும்’ என்று பட்டறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். திருவொற்றியூர் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குச் சாயங்காலம் ஆறரை மணி எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டால் ஆம்புலன்ஸ் சைரனுக்கு வழிவிட நினைத்தாலும் அவற்றால் நகர முடியாது.

விதி எளிமையானது. ஈசிஜியில் மாரடைப்பு உறுதியானதிலிருந்து 120 நிமிடத்துக்குள் அடைப்பில் வயரைச் செலுத்த முடியும் என்றால் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு அனுப்ப வேண்டும். முடியாது என்றால் பத்து நிமிடத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும். அவர் சொன்ன நாற்பது நிமிடம் சாலைக்கு மட்டும். ஆம்புலன்ஸ் வர வேண்டும், ஸ்ட்ரெச்சர் மாற வேண்டும், அங்கே போனதும் இன்னொரு ஈசிஜி, அட்வான்ஸ், கையெழுத்து. எல்லாவற்றையும் கூட்டினால், இரண்டு மணி நேரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்ல முடியாத இடத்தில் கணக்கு வந்து நின்றது.

அதற்குள் சிஸ்டர் இரண்டு மாத்திரை அட்டைகளோடு பக்கத்தில் வந்துவிட்டார். ஒரு கையில் குளோபிடோக்ரல், மறு கையில் டிக்காக்ரெலார். இரண்டுமே ரத்தம் கட்டிக்கொள்ளாமல் தடுப்பவை. “எது டாக்டர்?” ஊசி போடுவதென்றால் குளோபிடோக்ரல் 300, நேராக ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் டிக்காக்ரெலார் 180. ஆஸ்பிரின் இரண்டுக்கும் பொது. நான் குளோபிடோக்ரல் அட்டையைக் காட்டினேன். யோசித்து முடித்துவிட்டுக் காட்டினேனா, காட்டிய பிறகு அதற்குக் காரணம் சேர்த்தேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்ல வராது.

நோயாளியின் மனைவியிடம் பேசியதைத்தான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். நூறு பேருக்குப் போட்டால் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று சொன்னேன். அதை மறைக்கவில்லை. அந்த அம்மா கேட்டது வேறு: “போன்ல பேசின பெரிய டாக்டர் என்ன சார் சொன்னாரு?” நான் சொன்னேன்: “அங்க அனுப்பச் சொன்னாரும்மா. ஊசி போட்டுட்டு உடனே அனுப்பிடறோம்.”

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த மருத்துவர் ஊசி வேண்டாம் என்றார் என்பதும் இதில் இல்லை. சொல்லியிருந்தால்? இரண்டு டாக்டர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்று அந்த அம்மா தம்பிக்குப் போன் போட்டிருப்பார், தம்பி தெரிந்த காம்பவுண்டருக்குப் போட்டிருப்பார். அரை மணி நேரம் ஓடியிருக்கும். அந்த அரை மணியில் சாவது இதயத் தசை. இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரி. ‘அந்தம்மாவுக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று நீயே முடிவு செய்துவிட்டாயா?’ என்று கேட்டுக்கொள்ளும்போது அவ்வளவு சரியாகத் தெரியவில்லை.

கட்டியைக் கரைக்கும் ஊசி டெனெக்டிபிளேஸ் 40 மில்லிகிராம், ஒரே தள்ளு. அதற்கு முன் லைனை சலைனால் கழுவினோம். டெக்ஸ்ட்ரோஸ் பட்டால் மருந்து திரிந்துவிடும். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மானிட்டரில் அகலமான துடிப்புகள் வரிசையாக ஓட, அந்த அம்மா பயந்துபோனார். எனக்கு அது நல்ல சகுனம், அடைபட்ட ரத்தக்குழாய் திறக்கும்போது வருவது. பெரிய மருத்துவமனையில் எடுத்த ஈசிஜியில் எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. மறுநாள் ஆஞ்சியோ, ஒரு ஸ்டென்ட். இதய மருத்துவர் மரியாதையாகத்தான் கூப்பிட்டுச் சொன்னார்: “பேஷன்ட் நல்லா இருக்காரு. ஆனா நாங்க ரெடியாத்தான் இருந்தோம்.”

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். டென்மார்க்கில் நடந்த டனாமி-2 ஆய்வு 2003இல் வந்தது. ஊசி போடுவதைவிட வேறு மருத்துவமனைக்கு மாற்றியாவது ஆஞ்சியோபிளாஸ்டி செய்வது மேல் என்றது. டென்மார்க் ஆம்புலன்ஸ் டிரைவரை ஒரு நாள் எண்ணூர் சாலையில் விட்டுப் பார்க்க வேண்டும். 2013இல் வந்த ஸ்ட்ரீம் ஆய்வு எனக்குச் சாதகம்: ஊசி போட்டுப் பிறகு ஆஞ்சியோ செய்தவர்களில் 12.4 சதவீதம் பேருக்கும், நேரடி ஆஞ்சியோபிளாஸ்டியில் 14.3 சதவீதம் பேருக்கும் மரணமோ பெரிய பாதிப்போ. வித்தியாசம் இல்லை என்றே கொள்ளலாம். மூளைக் கசிவு மட்டும் ஊசிப் பக்கம் கூடுதல். நம் மாநிலத்திலேயே சின்ன மருத்துவமனையில் ஊசி, பெரிய மருத்துவமனையில் ஆஞ்சியோ என்று இணைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டு இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2க்கு இறங்கியது.

ஆனால் ஸ்ட்ரீமில் சேர்க்கப்பட்டவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி கிடைக்க வழியில்லாதவர்கள். என் நோயாளி அந்தக் கூட்டத்தில் சேர்வாரா என்பது போனில் கேட்ட ‘நாற்பது நிமிஷத்தை’ நான் நம்புகிறேனா என்பதைப் பொறுத்தது. அதை எந்த ஆய்வும் சொல்லாது. அந்த இதய மருத்துவர் நேரடி ஆஞ்சியோபிளாஸ்டி பேக்கேஜுக்காகக் கேஸைப் பிடிக்கப் பார்க்கிறார் என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது உண்மை. அந்த ஊசியின் விலையும் பல ஆயிரம், கீழே இருக்கும் மருந்தகம் எங்கள் முதலாளியுடையது. இதய மருத்துவருக்கும் என்னைப் பற்றி அதே கணம் தோன்றியிருக்கலாம். நோயாளி பிழைத்ததையும் நான் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. தலையில் கசிந்திருந்தாலும் நான் எடுத்த முடிவு இதே முடிவுதானே.

கொஞ்ச நாள் கழித்து இன்னொரு அம்மா வந்தார். அதே மாதிரி ஈசிஜி, பிரஷர் 200க்கு மேல். ஊசியை நினைத்துப் பார்க்கவே வழியில்லை. டிக்காக்ரெலார் கொடுத்து அப்படியே அனுப்பினேன். இந்த முறை ரெஃபரல் ஷீட்டில் ஒவ்வொரு நேரத்தையும் எழுதி, அடைப்புக்குள் வயர் போன நேரத்தைக் கேத் லேப் டெக்னீஷியனிடம் கேட்டு வாங்கினேன். எங்கள் ஈசிஜியிலிருந்து 105 நிமிடம். விதிக்குள்தான். அன்று ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் லாரியே இல்லை.