பதினைந்து வயது முழங்கால்

2016 ஜனவரியில் ஆஸ்பென் எக்ஸ் கேம்ஸ் சாகச விளையாட்டுப் போட்டியில், கம்பிகளிலும் மேடுகளிலும் வித்தை காட்டும் பனிச்சறுக்குப் பிரிவான ஸ்லோப்ஸ்டைலில் தங்கம் வாங்கியபோது எஸ்டோனியாவின் கெல்லி சில்டாருவுக்கு வயது 13. அடுத்த ஆண்டே பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்து, 2018 பியோங்சாங் ஒலிம்பிக் கைநழுவிப் போனது. 2022 பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங்கில், அதாவது தாவிச் சுழன்று வித்தை காட்டும் பனிச்சறுக்கில், சின்ன வயதில் மேலே வருகிறவர்களைப் பற்றி எழுதும்போது எல்லோரும் காற்றில் போடும் சுற்றுகளைத்தான் எண்ணுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, எப்படி இறங்குகிறார்கள் என்பதை.

இறங்கும்போது எடை பின்னால் சாய்ந்திருந்தால் ஸ்கீயின், அதாவது காலில் மாட்டிய சறுக்குப் பலகையின், வால்தான் முதலில் பனியில் படும். உடனே முன்பகுதி அறைந்து விழும். அந்த வேகத்தில் பூட்ஸின் பின்பக்கம் கெண்டைக்காலை முன்னே தள்ள, கீழ்க்கால் எலும்பு நகர்கிறது, தொடையெலும்பு பின்தங்குகிறது, இரண்டையும் பிடித்திருக்கும் ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார் அறுகிறது. பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் கழன்று காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அது முக்கியமாகக் கீழ்க்கால் எலும்பு முறியாமல் இருக்கச் செய்யப்பட்டது. அறுவை சிகிச்சை முடிந்து போட்டிக்குத் திரும்பப் பெரும்பாலும் 9 மாதத்துக்கு மேல் ஆகும்.

பின்சாய்வுக்கு வேகக் கணக்கு தப்புவதும் ஒரு பெரிய காரணம். காலையில் இறுகிக் கிடந்த பனி மதியம் இளகிவிடும். அதே இடத்திலிருந்து கிளம்பினாலும் வேகம் போதாமல், இறங்கு சரிவுக்கு முன்னாலிருக்கும் தட்டையான மேட்டிலேயே விழ நேரும். எதிர்க்காற்றும் இதையே செய்யும். வேகம் கூடினாலோ சரிவைத் தாண்டிச் சமதளத்தில் விழ வேண்டியதுதான். அதனால்தான் அன்றைய முதல் தாவலைச் சுற்றாமல் நேராகப் போட்டுப் பார்ப்பார்கள்.

புதிய சுற்று முதலில் டிராம்போலினில், பிறகு காற்று நிரப்பிய பெரிய மெத்தையான ஏர்பேக்கில், கடைசியில் பனியில். ஏர்பேக்கில் ஒரு ஆபத்து உண்டு. கோணலாக விழுந்தாலும் அது தாங்கிக்கொள்வதால், தப்பு தப்பென்றே தெரியாது. பத்தில் ஒன்பது முறை நின்று இறங்காதவரை பனிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பேன்.

இன்னொன்று, திசை. எல்லோருக்கும் சுழலக் கைவந்த பக்கம் ஒன்று இருக்கும். ஒரே பெரிய மேட்டிலிருந்து தாவும் பிக் ஏர் பிரிவில் மூன்று தாவல்களில் சிறந்த இரண்டின் மதிப்பெண் சேரும், ஆனால் இரண்டும் ஒரே வித்தையாக இருக்கக் கூடாது. ஆகவே வராத பக்கத்தையும், பின்னோக்கி வந்து தாவுவதையும் 360, 540 டிகிரி சுழற்சி அளவிலேயே பழக்கிவிட வேண்டும். 1080க்குப் போனபின் ஆரம்பித்தால் பயம் முந்திக்கொள்ளும். பெய்ஜிங் பிக் ஏர் இறுதியில் சீனாவின் 18 வயது எய்லீன் கு கடைசித் தாவலில் 1620, அதாவது நாலரைச் சுற்று போட்டு 94.50 எடுத்தார். அவர் மொத்தம் 188.25, பிரான்சின் டெஸ் லெடு 187.50. அதற்கு முன் போட்டியில் கு போடாத சுற்று அந்த 1620. ஆனால் முதல் தாவலில் 93.75 கையில் இருந்ததால்தான் அந்தத் துணிச்சலுக்கு இடம் கிடைத்தது.

ஸ்கீ விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஸ்லோப்ஸ்டைலில் வழுக்கிப் போகும் கம்பியான ரெயிலில் மாட்டாமலிருக்க, பாதத்தின் கீழுள்ள எட்ஜை, அதாவது ஸ்கீயின் உலோக விளிம்பை, அரம் வைத்து மழுக்குவார்கள். அதே ஜோடியோடு, அரைக்குழாய் வடிவப் பனித்தடமான ஹாஃப்பைப்புக்குப் போனால் இறுகிய பனிச்சுவரில் பிடிமானம் கிடைக்காமல் வழுக்கும். இரண்டிலும் ஆடுபவருக்கு இரண்டு ஜோடி வேண்டும், பைப்புக்கானதைக் கூராகவே வைத்திருக்க வேண்டும்.