அருகம்புல்லுக்குள் ரெயின் லில்லி: குழாய்வெட்டி கைகொடுத்தது

கோபிப் பக்கம் கீழ்பவானி வாய்க்காலுக்குக் கீழே தோட்டம் வைத்திருப்பவர்களுக்குக் கசிவுநீர் என்றாலே சலிப்புதான். ஆனால் அந்த ஈரத்தில் மண்டிய அருகம்புல்லுக்குள் போன ஆண்டு ஊன்றிய ரெயின் லில்லி (மழை பெய்ததும் பூக்கும் கிழங்குச் செடி) ரோசியா ரகக் கிழங்குகள், சித்திரையின் முதல் நல்ல மழை பெய்த மூன்றாம் நாளே இளஞ்சிவப்பாகப் பூத்துவிட்டன. தொட்டியில் யார் வேண்டுமானாலும் பூக்க வைக்கலாம். அருகம்புல்லோடு போட்டியிட வைத்துப் பூவெடுத்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சூட்சுமம் முழுவதும் குழி போடுவதில் இருக்கிறது. களைக்கொத்தால் கொத்தினால் புல்லின் வேர்ப்பின்னல் கிழிந்து அந்த இடத்தைக் கோரை பிடித்துக்கொள்கிறது. கடப்பாரையால் குத்தினால் ஈரக் களிமண் சுற்றிலும் இறுகி, நீர் தேங்கிக் கிழங்கு அழுகுகிறது. ஆகவே புல்லோடு மண்ணை வட்டமாக வெட்டியெடுக்க, இரண்டங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டு ஒன்றுக்குப் பட்டறையில் குறுக்குக் கைப்பிடி பற்றவைத்து வாங்கினேன்; இதுதான் என் குழாய்வெட்டி. விளிம்பை வெளிப்புறம் அரத்தால் ராவிக் கூராக்கிய பின், சுத்தியலால் உட்பக்கமாக மெல்லத் தட்டி வாயை மயிரிழை அளவு சுருக்க வேண்டும்; வாய் சிறுத்திருந்தால்தான் வெட்டுப்பட்ட மண்கட்டி குழாயின் சுவரில் இறுகாமல் வழுக்கி வெளியே வரும். பக்கவாட்டில் நீளமாக ஒரு பிளவும் விட வேண்டும். காற்றுப் புக வழியில்லாவிட்டால், குச்சியால் எவ்வளவு இடித்தாலும் களிமண் நகராது. கட்டி புல்லோடு வந்ததும் அதன் அடிப்பகுதியைக் கிள்ளிவிட்டு, குழியில் சிறிது மணல் இட்டு, கிழங்கின் கழுத்து மண்மட்டத்துக்கு ஓரங்குலம் கீழே நிற்குமாறு வைத்து, புல்மூடியை மிதித்துவிடலாம். ஆற்று மணல் கிடைக்காத இக்காலத்தில் எம்-சாண்டைத்தான் அலசிப் போட்டேன். அலசாவிட்டால் அதிலுள்ள தூள் களிமண்ணை விட மோசமாக இறுகுகிறது.

இங்கிலாந்தின் கிரிக்லேடு ஊரில், தேம்ஸ் வெள்ளம் ஏறும் நார்த் மெடோ புல்வெளியில் ஏப்ரலில் ஃபிரிட்டிலரி என்ற கிழங்குச் செடி பூக்கும். அது விதை உதிர்த்த பிறகுதான் அங்கே புல் அறுப்பார்கள். குளிர்கால உறக்கம் கேட்கும் அந்தக் கிழங்கு நம் சமவெளி வெயிலில் எடுபடாது என்றாலும், அறுப்பு முறையை அப்படியே எடுத்துக்கொண்டேன்: காய் வெடித்துக் கறுப்பு விதை சிந்தும்வரை அரிவாள் படக்கூடாது. ரெயின் லில்லியில் லைக்கோரின் போன்ற நச்சுகள் இருப்பதால் அறுத்த புல்லை மாட்டுக்குப் போடுவதில்லை.

அடுத்து ரெயின் லில்லியிலேயே வெள்ளையாகப் பூக்கும் கேண்டிடா. தென் அமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றங்கரை அதன் பூர்வீகம் என்பதால், ஆகஸ்டில் வாய்க்கால் திறந்ததும் சொதசொதவென்று ஆகிவிடும் கீழ்மூலைக்கு அதுதான் பொருத்தம். இணையத்தில் வெள்ளை என்று விற்றவர் அனுப்பியது மஞ்சளாகப் பூத்தது. ஆகவே இனிப் பூவோடு பார்த்தால்தான் காசு. சத்தியமங்கலம் சாலையில் ஒரு நர்சரியில் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்குள் அந்த மூலையில் உள்ள கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும், அது இன்னும் பாதிகூட முடியவில்லை.