போயா விடுமுறையில் கிழக்குக் கடற்கரை: பெருக்கு அட்டவணையை விடக் காற்றைப் பாருங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பாசிக்குடாவில் பிற்பகல் 2 மணிக்கு எங்களிடம் 9,000 ரூபா வாங்கிக்கொண்டு, பவளப்பாறை காட்டுவதாகச் சொல்லிக் கலங்கிக் கிடந்த கடலுக்குள் படகில் ஏற்றிச் சென்றவர்மீது எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நீருக்குள் முகத்தை அமிழ்த்தினால் நீட்டிய என் விரல்களே மங்கலாகத்தான் தெரிந்தன. பாறை எங்கே, மீன் எங்கே என்று தேடிய இருபது நிமிடமும் கண்ணாடியில் மணல்தான் வந்து மோதியது. அதே குடா காலை 7 மணிக்கு அடிமணல்வரை தெளிந்திருப்பதை மறுநாள் என் கண்ணாலேயே பார்த்தேன். கடலில் பிழைப்பவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தும் அந்த நேரத்தில் ஏற்றிச் சென்றார் என்பதுதான் என் குறை.

மலைநாட்டு ஹட்டனிலிருந்து நானும் அக்காவும் ஆகஸ்ட் மாதப் போயா (பௌர்ணமி) விடுமுறையோடு நான்கு நாள் ஒதுக்கி, இருவருக்குமாக 45,000 ரூபா என்று எல்லை வைத்துப் புறப்பட்டோம். எங்கே தங்குவது, எந்த பஸ்ஸில் ஏறுவது என்று நாள்வாரியாக எழுதித் தருவதாகத் தோழியரிடம் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கடலைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்கவில்லை. ஆகவே கடலைப் பற்றியே எழுதுகிறேன். வழியும் செலவும் இடையிடையே வரும்.

புறப்படுமுன் நான் செய்த ஒரே ஆயத்தம், நான்கு நாளுக்கும் உரிய வற்றுப்பெருக்கு நேரங்களை, அதாவது கடல்நீர் இறங்கி ஏறும் நேரங்களை,க் கைத்தொலைபேசியிலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டதுதான். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் பெருக்கு உயர்ந்தும் வற்று தாழ்ந்தும் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவில் இருந்தது. எனவே வற்று நேரத்தில் பாசிக்குடாவில் நெடுந்தூரம் நடக்கலாம், பெருக்கு நேரத்தில் மட்டக்களப்பு வாவியில் படகோட்டலாம் என்று பயணத்தையே அந்தத் தாளுக்கு ஏற்றபடி அமைத்தேன். நேரங்களை எழுதிய நான், பக்கத்திலிருந்த உயரங்களைப் படிக்கவில்லை. இந்தக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வேறுபாடு, பௌர்ணமி நாளிலேகூட, அரை மீற்றரைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடுகிறது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது 10 மீற்றருக்கு மேல் போகிறது. அங்கே அகன்று ஆழம் குறைந்த கடலடியும், உள்நோக்கி ஒடுங்கும் குடாவும் சேர்ந்து நீரை உயர்த்துகின்றன. மட்டக்களப்பின் முன்னாலோ கடல் விரைவிலேயே ஆழ்ந்துவிடுகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், கரையிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீற்றரில், 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது என்றால் எண்ணிப் பாருங்கள்.

இதை எனக்கு முதலில் புரியவைத்தவர் கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர். விடிகாலை 6 மணி இருக்கும். என் தாளைக் காட்டி, இப்போது பெருக்கா, குளிக்கலாமா என்று கேட்டேன். அவர் தாளைப் பார்க்கவேயில்லை. "மகள், இந்தக் கடல்ல வத்தும் பெருக்கும் ஒரு முழம், மிஞ்சினா ஒண்டரை முழம். அத வெச்சி என்ன செய்யப் போறீங்க? காத்து எங்கால அடிக்குதெண்டு பாருங்க. வெள்ளத் திரை உடையாம நடுவில கறுப்பாத் தெரியுதே, அந்த இடத்தில மட்டும் இறங்காதீங்க" என்றார். இருபுறமும் அலை நுரைத்து உடைய, நடுவே அமைதியாகத் தெரிந்த அந்த வாய்க்கால்தான் நான் குளிக்கலாம் என்று மனதில் குறித்து வைத்திருந்த இடம். கரைக்கு ஏறிய நீரெல்லாம் மணல் திட்டுகளுக்கு இடையில் ஆழமான அந்த வழியாகத்தான் திரும்பிக் கடலுக்குள் ஓடுகிறது, அது ஆளையும் இழுத்துக்கொண்டு போகும் என்பதை அவர் கையால் மணலில் கோடு போட்டே விளக்கினார். கல்லடிக் கரை சட்டென்று சரிவது வேறு. அன்று நாங்கள் கணுக்கால் நனைத்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

முந்திய இரவு உண்ட உணவையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லடியில் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் பிட்டு, கீரிமீன் சொதி, வாவி இறால் பொரியல், கடைசியில் எருமைத்தயிரும் பாணியும். இருவருக்கும் 1,700 ரூபா. மலையில் பனிக்கட்டியில் கிடந்த மீனையே உண்டு பழகிய எங்களுக்கு அந்தச் சொதியின் சுவை நாக்கில் இன்னும் இருக்கிறது. பாரைமீன் கேட்டோம், இல்லை என்றார்கள். நிலவு வெளிச்சம் கூடிய இரவுகளில் மீன்பாடு குறைவு, அதனால் போயாவை ஒட்டி விலையும் ஏறும் என்று கடைக்கார அம்மா சொன்னார். மீனுக்காக வருகிறவர்கள் போயா வாரத்தைத் தவிர்ப்பது நல்லது. அறை வாடகையும் அந்த வாரத்தில்தான் ஏறுகிறது.

இனிக் காற்று. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிச் சூடேறிக் கிழக்கே இறங்குகிறது. எங்கள் ஊரில் குடையும் கம்பளிச் சட்டையுமாக நாங்கள் திட்டும் அதே காற்றைத்தான் மட்டக்களப்பில் கச்சான் என்கிறார்கள். அங்கே அது உதட்டை வெடிக்கவைக்கும் அனலாக வீசுகிறது. தரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் கரையோரக் கடலை அது தட்டையாக்கிவிடுகிறது. காலையில் பாசிக்குடா கண்ணாடிபோல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நண்பகலுக்குள் தரை சூடேறியதும் கடற்காற்று எதிர்த்திசையிலிருந்து கிளம்புகிறது. சின்னச் சின்ன அலைகள் எழுந்து, ஆழம் குறைந்த குடாவின் அடிமணலைக் கிளறிவிடுகின்றன. நாங்கள் படகேறியது சரியாக அந்த நேரத்தில்தான். அலைகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 4 வினாடி, சிலவேளை 5. இப்படிக் குறுகி வரும் அலை பக்கத்துக் காற்று எழுப்பிய அலை என்பதைப் பின்னர் அறுகம்பேயில் எண்ணியபோதுதான் ஒப்பிட்டு உணர்ந்தேன்.

பாசிக்குடாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. குடாவின் வாயில் பவளப்பாறை அரண்போல் நிற்பதால் வெளிக்கடலின் அலை உள்ளே வலுவிழந்தே வருகிறது. கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பளவைத் தாண்டவில்லை. வற்றோ பெருக்கோ அதைப் பெரிதாக மாற்றவில்லை. ஆனால் இந்த அமைதியிலும் ஓர் ஆபத்து உண்டு. கச்சான் வீசும் காலையில் காற்றடைத்த மிதவையில் ஒரு சிறுவன் படுத்திருந்தான்; தகப்பன் கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்துக்குள் மிதவை மிதப்புக் கயிற்றை எட்டிவிட்டது. நல்லவேளை, உயிர்காப்பாளர் ஊதுகுழல் ஊதினார். அலையே இல்லாத கடலில் தரைக்காற்று ஒன்றே போதும், பிள்ளையை வெளியே கொண்டுபோய்விடும். பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த மிதவைகளை வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் முடிவான கருத்து.

நாவலடிக்கும் முகத்துவாரத்துக்கும் போனது போயாவன்றுதான். 1913இல் கட்டிய 28 மீற்றர் உயரக் கலங்கரை விளக்கம் பாலமீன்மடுவில் நிற்கிறது. 56 கிலோமீற்றர் நீளமான வாவி கடலோடு கலக்கும் வாய்களில் ஒன்று அங்கேதான். கோடையில் அலை கொண்டுவரும் மணல் அந்த வாயை அடைத்துக்கொண்டே வருகிறது. அடைந்தால் கடலின் பெருக்கு வாவிக்குள் எட்டாது. திறந்திருந்தாலும் அந்த ஒடுங்கிய வழியால் மெலிந்துதான் போகும். மாரியில் வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களை வெள்ளம் மூடும்போது ஆற்றுவாயை வெட்டிவிடச் சொல்லி விவசாயிகள் கேட்பதும், வெட்டும் காலத்தைப் பற்றி மீனவர்கள் கவலைப்படுவதும் அங்கே பழைய வழக்கு. பெருக்கு நேரம் பார்த்து வாவியில் படகோட்டலாம் என்ற என் திட்டம் பொருளற்றது என்பதை அந்த மணல் திட்டில் நின்றபோது ஒப்புக்கொண்டேன்.

நாவலடியில் ஒரு தாய், பௌர்ணமிக்குக் கடல் பொங்கும், அதனால்தான் அன்று அப்படி வந்தது என்று சொன்னார். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஆம் திகதியும் போயா நாள்தான். ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமான அந்த ஒடுங்கிய மணல் நிலத்தில், அவர் இழந்தவர்களின் எண்ணிக்கையைச் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எழுதும்போது சொல்லியாக வேண்டும்: அந்த அலையை எழுப்பியது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நேர்ந்த நிலநடுக்கம். நிலவு தூக்கும் நீர் இங்கே ஒன்றரை முழம்.

பாசிக்குடாவிலிருந்து பொத்துவிலுக்குப் போன பயணம் மூன்று பஸ் வண்டிகள், ஏழு மணித்தியாலம். கல்முனைவரை நின்றுகொண்டே போனோம். நடத்துநர் மிச்சம் தருவதாகச் சொன்ன 140 ரூபாவை மூன்று முறை கேட்டும் தரவில்லை. தொகை சிறிதுதான், என்றாலும் இரண்டு பேரின் தேநீர்க் காசு அது. தெற்கே போகும்போது இடப்பக்க யன்னலில் இடம் பிடியுங்கள். கல்லாற்றுப் பகுதியில் வாவியும் கடலும் மாறிமாறித் தெரியும். நிந்தவூரைத் தாண்டியதும் பக்கத்தில் இருந்த காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர், தம் உறவினர் தென்னந்தோட்டத்தைக் கடல் எடுத்த கதையைச் சொன்னார். 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள், கரையோடு வடக்கே நகரும் மணலை மறித்துவிட்டன. தெற்கே மணல் குவிந்து துறைமுக வாயையும் அடைக்க, வடக்கே மணல் வரத்து இல்லாமல் கரை அரிக்கப்படுகிறது. காற்றும் அலையும் மணலை எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பது ஒரு குடும்பத்தின் சோற்றோடு தொடர்புடைய கேள்வி என்று அந்த இருக்கையில்தான் உணர்ந்தேன்.

பொத்துவில் பஸ் நிலையத்திலிருந்து அறுகம்பேக்கு நாலு கிலோமீற்றர்கூட இல்லை. ஓட்டோக்காரர் 1,500 ரூபா கேட்டார். வெளிநாட்டுப் பயணிகளிடம் பழகிய விலையை நம்மிடமும் கேட்பது எந்த வகையிலும் நியாயமில்லை. அக்கா பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்கியதும் 500க்கு இறங்கினார்.

அந்தக் கோபத்தை மறுநாள் காலை முற்றாகக் கழுவிவிட்டது. அறுகம்பேயின் உல்லை முனையில் காற்றே இல்லை. கடலின் மேற்பரப்பு எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. ஆனால் ஆளுயரத்துக்கு மேலே அலைகள் வரிசை வரிசையாக வந்தன. எண்ணினேன்: 13 வினாடிக்கு ஒன்று. இவை இங்குள்ள காற்றால் எழுந்தவை அல்ல. தென் அரைக்கோளத்தின் குளிர்காலப் புயல்கள் 6,000 கிலோமீற்றருக்கு அப்பால் எழுப்பிய அலைகள், ஏறத்தாழ ஒரு வாரம் கடந்து வந்து, முனையைச் சுற்றி வளைந்து, ஓரத்திலிருந்து ஒழுங்காக உடைகின்றன. அதனால்தான் சித்திரை கழிந்து புரட்டாதிவரை உலகெங்குமிருந்து அலைச்சறுக்குக்காரர்கள் இங்கே வருகிறார்கள். என் தாள் கடைசியில் பயன்பட்டதும் இங்கேதான். முனையில் பாறை நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருப்பதால், அந்த ஒன்றரை முழம் குறைந்தால் காலில் பாறை தட்டுகிறது. பலகை வாடகைக்குக் கொடுக்கும் இளைஞர்கள் வற்று நேரத்தைச் சரியாகச் சொன்னார்கள். பயிற்சிக் கட்டணம் எங்கள் கணக்குக்கு மேலே இருந்ததால் நாங்கள் மணலில் இருந்து பார்த்தோம். 10 மணிக்குப் பின் கடற்காற்று எழுந்து அந்த அழகிய வரிசையைக் குலைத்துவிட்டது.

காலம் கேட்பவர்களுக்கு: கார்த்திகை முதல் தைவரை இந்தக் கரைக்குக் குளிக்க வராதீர்கள். வாடைக்காற்று நேரே கடலிலிருந்து அடிக்கும், மழையும் அப்போதுதான். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும் அந்தப் பருவத்தில் வந்ததே. மற்ற மாதங்களிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் முன்னறிவிப்பைக் காலையில் படியுங்கள். அது கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காற்றின் திசையையும் வேகத்தையும் தமிழிலேயே தருகிறது. பெருக்கு அட்டவணை எடுப்பதானால் உயரத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

நான்கு நாளுக்கும் செலவு 43,800 ரூபா. அதில் 9,000 மணலைப் பார்க்கக் கொடுத்தது. பங்குனிக் கடைசியில், போயா இல்லாத ஒரு வாரத்தில், காலை 7 மணிப் படகுக்காக மட்டுமே மீண்டும் பாசிக்குடாவுக்குப் போகிறோம். கல்குடாவில் 5,500 ரூபா அறைக்கு அக்கா இப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.