குறைந்த செலவில் மான் வேட்டை ஸ்கோப்: தேர்விலிருந்து ஜீரோ வரை

ரைஃபிள்: .308 வின்செஸ்டர் தோட்டா, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்கும் போல்ட் வகை. சுடும் தூரம் பெரும்பாலும் 50 முதல் 150 மீட்டர். அதிகம் போனால் 200. இடம் காட்டோரம், நேரம் விடியலும் அந்தியும். ஸ்கோப்புக்கு (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒதுக்கிய தொகைக்குள்ளேயே அதைத் துப்பாக்கியில் தாங்கும் பேஸ், பிடிக்கும் ரிங், ஜீரோ செய்ய, அதாவது குண்டு குறியில் விழும்படி சரிசெய்ய, இரண்டு பெட்டி தோட்டா எல்லாம் அடங்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு. இந்தக் கணக்கு இல்லாமல் இறங்கினால் முழுப் பணமும் ஸ்கோப்புக்கே போய்விடும். அப்புறம் கையில் கிடைத்த மெலிந்த ரிங்கில் அதை மாட்ட வேண்டிவரும். குண்டு அலையும், பழி கண்ணாடி மேல் விழும்.

எந்த அளவு

பட்டியலில் மூன்று நின்றன: பெருக்கம் மாறாத 4×32, 3-9×40, 4-16×50. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலைப் படியில் இருப்பவை. முதல் எண் பெருக்கம் (3-9 என்றால் 3 முதல் 9 மடங்கு வரை மாற்றலாம்), கடைசி எண் முகப்பு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

மானின் உயிர்நிலைப் பகுதி, அதாவது இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம், சுமார் 20 செ.மீ. அகலம். 4 மடங்கு பெருக்கினால் 100 மீட்டரில் நிற்கும் மான் 25 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். அந்தத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவைக் குறிவைக்கக் கண்ணுக்கு வேறு உதவி வேண்டாம். 16 மடங்கு எதற்கு என்ற கேள்விக்கு இந்தத் தூரங்களில் பதில் கிடைக்கவில்லை. பெருக்கம் ஏற ஏறப் பார்வைப் பரப்பு சுருங்கும். கையின் நடுக்கமும் சேர்ந்து பெருகும். 30 மீட்டரில் திடீரென மான் புதரிலிருந்து வந்தால் கண்ணாடி முழுக்க வெறும் ரோமம்தான் தெரியும்.

அதைவிட முக்கியமானது வெளிச்சக் கணக்கு. முகப்பு லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மி.மீ.; 6-ல் வைத்தால் 6.7. 50 மி.மீ. லென்ஸை 16-ல் வைத்தால் வெறும் 3.1. இருட்டில் இளையவர் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், வயது ஏறினால் 5 அளவில் நின்றுவிடும். ஆகவே அந்தியில் 3-9×40-ஐ 6 அல்லது 7-ல் வைத்தாலே கண் எடுத்துக்கொள்ளக்கூடிய அத்தனை வெளிச்சமும் வந்துவிடுகிறது. 50 மி.மீ. லென்ஸ் 9-ல் தரும் 5.6-ஐ, 40 மி.மீ. லென்ஸ் 7-ல் தருகிறது. பெரிய லென்ஸுக்குக் கூடுதல் பணம், கூடுதல் எடை, உயரமான ரிங். அந்தச் செலவை பெருக்க வளையத்தை இரண்டு எண் கீழே திருப்பி மிச்சப்படுத்தலாம்.

ஸ்கோப்பின் உடல் குழாயான டியூப் 30 மி.மீ. இருந்தால் அதிக ஒளி வரும் என்று சொல்வது தவறு. ஒரு அங்குல டியூபோடு ஒப்பிட்டால் அதில் கூடுவது முக்கியமாகக் குறிபார்க்கும் குறுக்குக்கோட்டை ஏற்றி இறக்கும் வீச்சு. 200 மீட்டருக்குள் அதற்கு வேலை இல்லை.

எதற்குப் பணம், எதற்கு வேண்டாம்

பூச்சுக்குப் பணம் கொடுக்க வேண்டும். பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி பிரதிபலித்து வீணாகிறது. ஸ்கோப்புக்குள் அப்படிப் பல பரப்புகள் உண்டு. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுக்கு ஜைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-ல் காப்புரிமை பெற்றதே இதற்காகத்தான். பெட்டியில் ‘ஃபுல்லி மல்ட்டி-கோட்டட்’ என்று இருந்தால், காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று பொருள். வெறும் ‘கோட்டட்’ என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஓர் அடுக்கு இருந்தாலும் போதும். இந்த ஒரு சொல்லில் பட்டியல் பாதியாகக் குறைந்தது.

ஒளிரும் குறுக்குக்கோடு, பக்கவாட்டுப் பாரலாக்ஸ் திருகு (கண் ஓரமாக நகரும்போது குறி விலகும் பிழையைச் சரிசெய்வது), தூரக் கோடுகள் நிறைந்த ரெட்டிகிள் (குறுக்குக்கோட்டின் வடிவம்) மூன்றும் இந்த விலைப்படியில் கண்ணாடியிலிருந்தும் ஸ்பிரிங்கிலிருந்தும் பிடுங்கிய பணத்தில் வருபவை. பாரலாக்ஸ் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும். 100 மீட்டருக்குப் பாரலாக்ஸ் சரிசெய்யப்பட்ட 40 மி.மீ. ஸ்கோப்பில் 200 மீட்டரில் கண் முழுக்க ஓரமாகப் போனாலும் பிழை சுமார் 20 மி.மீ. மானின் உயிர்நிலைப் பகுதியில் அது பத்தில் ஒரு பங்கு.

ரெட்டிகிள் டூப்ளக்ஸ் வகை: ஓரத்தில் தடிமன், நடுவில் மெல்லிசு. லியூபோல்ட் நிறுவனம் 1962-ல் கொண்டுவந்த இந்த வடிவம் இன்றும் அந்தியில் சளைக்கவில்லை. நடுக்கோடு இருட்டில் மறைந்தாலும் நான்கு தடித்த முனைகளும் நடுவைக் காட்டிக் கொடுக்கும். பெருக்கத்தோடு கோடும் சேர்ந்து பெருகும் முதல் குவியத்தள ஸ்கோப்புகள் வேட்டைக்கு ஒத்துவரவில்லை. இருட்டில் பெருக்கத்தைக் குறைக்கும் நேரத்தில்தான் அதன் கோடு நூலாக மெலிந்துபோகிறது.

கண்ணுக்கும் கண் லென்ஸுக்கும் இடையே குறைந்தது 90 மி.மீ. இடைவெளி வேண்டும். .308-ன் உதைக்கு இது போதும். உதை அதிகமான மேக்னம் ரகங்களுக்கு 100. இதில் சிக்கனம் பார்த்தால் புருவத்தில் வெட்டு விழும்.

பழைய ஸ்கோப்பையும் ஒதுக்க வேண்டாம். அதே பணத்துக்கு ஒரு படி மேலான கண்ணாடி கிடைக்கும். லியூபோல்ட், வோர்டெக்ஸ் போன்றவை ஸ்கோப் யார் கையில் இருந்தாலும் பழுது பார்த்துத் தருகின்றன. போலிகள் உலவுவதால் வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் உள்ளே எதுவும் சலசலக்கக் கூடாது. டியூபில் ரிங் பதிந்த பள்ளம் இருந்தால் வாங்காமல் விடுவது நல்லது.

அந்திச் சோதனை

4×32-ம் 3-9×40-ம் கடைசிவரை நின்றன. இரண்டையும் ரைஃபிளில் மாட்டாமல் மணல் பையில் வைத்து, 100 மீட்டர் தள்ளி இருண்ட புதருக்கு முன் பழுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, சூரியன் மறைந்த நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிக்க வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டை நேரம் சூரியன் மறைந்து அரை மணி வரை. அந்த அரை மணிதான் இங்கே தேர்வு நேரம்.

பார்க்கும் முன் கண் லென்ஸின் குவியத்தைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் ‘கண்ணாடி மங்கல்’ என்று திருப்பிக் கொடுப்பவர்கள் ஏராளம். வெறும் வானத்தை நோக்கி இரண்டு மூன்று நொடி மட்டும் பார்த்து, கோடு கறுப்பாகக் கூர்மையாகத் தெரியும்வரை திருப்ப வேண்டும். அதற்கு மேல் உற்றுப் பார்த்தால் கண்ணே தன்னைச் சரிசெய்துகொண்டு ஏமாற்றிவிடும். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் எக்காரணம் கொண்டும் பார்க்கக் கூடாது.

4×32 வெளிச்சத்தில் தோற்கவில்லை. அதன் ஒளிக்கற்றை 8 மி.மீ. ஆனால் துணியின் ஓரம் புதரோடு கலந்த பிறகும், 6-ல் வைத்த 3-9 அதைப் பிரித்துக் காட்டியது. மங்கலில் வெளிச்சம் பாதி, பெருக்கம் பாதி. 50 மீட்டருக்குள் மட்டும் சுடுபவருக்கு 4×32 இன்றும் நல்ல வாங்கல். உள்ளே நகரும் பாகம் குறைவு, கெடுவதும் குறைவு.

வாங்கியது 3-9×40.

பொருத்துதல்

துப்பாக்கி காலி என்று தோட்டா அறையையும் மேகஸினையும் கண்ணால் பார்த்து, போல்ட்டைக் கழற்றிய பிறகே எதையும் தொட வேண்டும்.

பேஸ் திருகுகளிலும் துளைகளிலும் ஆலையில் பூசிய எண்ணெய் இருக்கும். அதை ஆல்கஹாலால் துடைத்து, பேஸ் திருகுகளுக்கு மட்டும் நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு. ரிங் திருகுகளுக்கு வேண்டாம். பசை ஈரமாக இருக்கும்போது வழுக்குவதால், அளவு சரியாகக் காட்டினாலும் இறுக்கம் கூடிப்போய் டியூப் நசுங்கும். பேஸுக்குத் தயாரிப்பாளர் சொன்ன இறுக்கம். ரிங் மூடிகளுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். இந்த வேலையில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர் ஆடம்பரம் இல்லை.

குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பிக்கட்டினி பேஸாக இருந்தால் ரிங்கை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்க வேண்டும். சுடும்போது ரைஃபிள் பின்னால் பாயும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பேஸின் கண்ணோட்டத்தில் அது முன்னால் நகர்வது போலத்தான். இடைவெளியை முன்கூட்டியே மூடிவிட்டால், முதல் பத்துக் குண்டுகளில் ஜீரோ நகரும் தொல்லை இராது.

ரிங் உயரம்: முகப்பு லென்ஸ் துப்பாக்கிக் குழலை (பேரல்) தொடக் கூடாது, போல்ட் கைப்பிடி கண் லென்ஸில் இடிக்கக் கூடாது. இரண்டும் நிறைவேறும் மிகத் தாழ்ந்த உயரமே சரி. உயர்ந்துவிட்டால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாது, தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்.

கண் இடைவெளியை, பெருக்கத்தை 9-ல் வைத்து, வேட்டைக்கு அணியும் தடித்த சட்டையோடு பார்க்க வேண்டும். கண்ணை மூடி ரைஃபிளைத் தோளில் வைத்துத் திறந்தால், முழு வட்டமும் கறுப்பு விளிம்பு இல்லாமல் தெரியவேண்டும். நின்று ஒருமுறை, படுத்து ஒருமுறை. படுக்கும்போது தலை தானாக முன்னால் போகும்.

கோட்டை நேராக்கக் கொத்தனாரின் கருவிகளே போதும். ரைஃபிளை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, 30 மீட்டரில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவைத்தால் முடிந்தது. மூடித் திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இருபக்க இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் டியூப் சுழன்று நேராக்கிய கோடு சாய்ந்துவிடும். இறுக்கிய பிறகு பெருக்க வளையம் முன்பைவிடக் கடினமாகத் திரும்பினால் இறுக்கம் அதிகம் அல்லது ரிங்குகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

சுடாமல் ஒரு பெட்டிச் சோதனை

குறுக்குக்கோட்டை நகர்த்தும் குமிழை (டரெட்) நான்கு திசையிலும் சதுரமாகத் திருப்பி, கோடு தொடங்கிய இடத்துக்கே வருகிறதா என்று பார்ப்பது பெட்டிச் சோதனை. பொதுவாக அதைக் குண்டு சுட்டுச் செய்வார்கள். 100 மீட்டரில் 4 செ.மீ. சிதறும் ரைஃபிளில் ஒற்றைக் குண்டுகள் டரெட்டின் பிழையைக் காட்டாது. சிதறலையும் பிழையையும் பிரிக்க முடியாது. அதனால் காலி ரைஃபிளை அசையாமல் பூட்டி, 50 மீட்டரில் கட்டம் போட்ட தாளைப் பார்த்துக்கொண்டு டரெட்டை மட்டும் திருப்பியது. டரெட்டின் ஒரு சொடுக்கு, அதாவது கால் எம்.ஓ.ஏ. கிளிக் (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு), 100 மீட்டரில் 7.3 மி.மீ.; 50-ல் அதில் பாதி. 40 கிளிக் மேலே, 40 வலது, 40 கீழே, 40 இடது. ஒவ்வொரு பக்கமும் சுமார் 145 மி.மீ. வர வேண்டும், கடைசியில் கோடு தொடங்கிய புள்ளிக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் உள்ளே டியூபைத் தாங்கும் ஸ்பிரிங் பலவீனம். அந்த ஸ்கோப்பை அன்றே மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு தோட்டாகூடச் செலவில்லை.

ஜீரோ

போல்ட்டைக் கழற்றி, பேரல் வழியாக 25 மீட்டர் குறியின் மையத்தைப் பார்த்து, ரைஃபிளை அசைக்காமல் கோட்டை அங்கே கொண்டுவந்தது. முதல் குண்டு 5 செ.மீ. கீழே, 2.5 செ.மீ. வலது. 25 மீட்டரில் ஒரு கிளிக் 1.8 மி.மீ.; ஆக 28 மேலே, 14 இடது. இந்தக் கணக்கில் 100 மீட்டரின் 7.3-ஐப் போட்டுத் தடுமாறுவது மிகப் பொதுவான தவறு. இரண்டாவது குண்டு மையத்தைத் தொட்டது.

100 மீட்டரில் மூன்று குண்டு, பேரல் கையால் தொடக்கூடிய சூட்டுக்கு ஆறும்வரை இடைவெளி. தொகுப்பின் நடு 7 செ.மீ. மேலே, 3 செ.மீ. வலது. வேண்டியது 4.5 மேலே: 3 கிளிக் கீழே, 4 இடது. ஒற்றைக் குண்டைத் துரத்தித் திருப்பக் கூடாது. எப்போதும் தொகுப்பின் நடுவைத்தான். திருப்பிய பிறகு டரெட் மூடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் இறங்கும். மலிவான ஸ்கோப்புகளில் திருத்தம் ஒரு குண்டு தாமதமாக வந்து குழப்புவது இதனால்தான்.

150 கிரெய்ன் எடையுள்ள குண்டை 100-ல் 4.5 செ.மீ. மேலே வைத்தால் 180–200 மீட்டர் வாக்கில் மையத்துக்கு இறங்கும். சுமார் 220 மீட்டர் வரை மையத்திலிருந்து 8 செ.மீ.க்கு மேல் விலகாது. டரெட்டைத் தொடாமல், மேலே கீழே பிடிக்காமல், நடுவில் வைத்துச் சுடலாம்.

40 குண்டுக்குப் பிறகு

ரிங் திருகுகளை அளந்தபோது ஒன்று சற்றே தளர்ந்திருந்தது; மறுபடி அதே அளவுக்கு. எல்லாத் திருகின் தலையிலும் ரிங்கிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரியும்.

ஜீரோ அலைந்தால் தேடும் வரிசை: முதலில் கட்டையையும் போல்ட் இயங்கும் உலோகப் பகுதியையும் பிணைக்கும் திருகுகள், அடுத்து பேஸ், ரிங், பிறகு தோட்டாவின் தொகுதி மாறியதா, பேரல் மரத்தைத் தொடுகிறதா. எல்லாம் சரி என்றால், நம்பகமான வேறொரு ஸ்கோப்பை மாட்டிச் சுட வேண்டும். அப்போது குண்டுகள் நெருங்கி ஒரே இடத்தில் விழுந்தால் மட்டுமே குற்றம் ஸ்கோப்பின் மேல்.

குளிர்ந்த இடத்தில் இரண்டு மணி நேரம் வைத்துச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் வெளி லென்ஸில் பனி படரும், அது இயல்பு. துடைத்த பிறகும் உள்ளே மங்கினால், ஸ்கோப்புக்குள் நிரப்பிய நைட்ரஜன் வெளியேறி ஓ-ரிங் கசிகிறது, உத்தரவாதத்தில் அனுப்ப வேண்டியதுதான்.

அடுத்து மீதி இருப்பது, சீசனுக்கு முந்தைய வாரத்தில், முழுதும் ஆறிய பேரலில் நாளுக்கு ஒரு குண்டு, மூன்று நாள், ஒரே தாளில். மான் வாங்குவது அந்த ஆறிய பேரலின் முதல் குண்டைத்தான்.