கோர்ட்டு கடலுக்குள்ள இருக்கு

டெக்சஸ் வந்து முதல் மூணு மாசம் எங்களுக்கு கார் இல்ல. போர்ட் லவாக்கால கார் இல்லன்னா கால் இல்லாத மாதிரிதான், பால் வாங்கணும்னாக்கூட வீட்டுக்காரரோட வேலை பாக்குறவர் எப்ப கடைக்குப் போவார்னு காத்துட்டு உக்காந்திருக்கணும். ஒருநாள் வெறுத்துப்போய் நடந்தே கிளம்பினேன், ரெண்டு பேர் வண்டிய நிறுத்தி "ஏதாச்சும் பிரச்சனையாம்மா"ன்னு கேட்டுட்டாங்க.

கார் வந்த மொத ஞாயித்துக்கிழமை இண்டியனோலா போனோம். ரோடு நேரா கடற்கரைல போய் முடியுது. நாலஞ்சு வீடு, தூண்டில் போடுறவங்க, லா சால்ங்கற பிரெஞ்சுக்காரர் சிலை, ஒரு கிரானைட் கல்லு. ஒரு காலத்துல 5000 பேருக்கு மேல இருந்த துறைமுகம், கால்ஹூன் கவுன்டிக்கே (நம்ம ஜில்லா மாதிரி) தலைமை ஊரு! அந்தக் கோர்ட்டு இருந்த எடம் இப்ப கரைலேர்ந்து 300 அடி தள்ளி, தண்ணிக்குள்ள. பையன் தண்ணியவே பாத்துட்டு நின்னான், "அப்ப ஜட்ஜ் எங்கம்மா போனாரு"ன்னான். நம்ம ஊருக்குத்தான்டா! முன்னாடி போர்ட் லவாக்காதான் தலைமை ஊரா இருந்துச்சாம், இந்த ஊர்க்காரங்க கப்பல் கட்டணத்த ஏத்தவும் மோர்கன் கம்பெனி கப்பல்லாம் 1849ல இண்டியனோலா பக்கம் போயிடுச்சு, பின்னாடியே 1852ல கோர்ட்டும் போச்சு.

ஆனா எனக்கு மனசுல நின்னது அதுக்கும் முன்னாடி வந்த ஜெர்மன்காரங்க கதைதான். 1844 டிசம்பர்லேர்ந்து கப்பல் கப்பலா வந்து இறங்கியிருக்காங்க, உள்நாட்டுல நிலம் தர்றோம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தது. 1846ல மெக்சிகோ போர் வந்ததும், இவங்கள உள்ள கூட்டிட்டுப் போக வேண்டிய வண்டிக்காரங்கள எல்லாம் ராணுவம் இழுத்துக்கிச்சு. இவங்க மழைலயும் சேத்துலயும் கூடாரம் போட்டுக் கெடந்து, சீக்கு வந்து நெறைய பேர் அங்கயே செத்துட்டாங்க, மிச்சப் பேர்ல பலர் உள்நாட்டுல இருக்குற நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரு வரைக்கும் 100 மைலுக்கு மேல நடந்தே போயிருக்காங்க. நான் பாலுக்கு அழுதேன்.

1875 செப்டம்பர் புயல் அடிச்சப்ப ஒரு கொலைக் கேஸ் பாக்க வெளியூர் ஆளுங்க வேற வந்து குவிஞ்சிருந்தாங்க. நூத்துக்கணக்கான சாவு. குற்றவாளிக் கூண்டுல நிக்க வேண்டியவன் அந்தக் களேபரத்துல தப்பிச்சே போயிட்டான். கோர்ட்டுக் கட்டடத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சவங்க பொழச்சாங்க. திரும்பக் கட்டி மூச்சு விடறதுக்குள்ள 1886 ஆகஸ்ட்ல இன்னொரு புயல், கூடவே தீ. அதோட சரி, அடுத்த வருஷம் போஸ்ட் ஆபீசையும் மூடிட்டாங்க.

ஜூன் பொறந்து புயல் சீசன் ஆரம்பிச்சதும் பக்கத்து வீட்டுப் பாட்டி என்கிட்ட சொன்ன மொத விஷயம், "பெட்ரோல் டேங்க்க பாதிக்குக் கீழ விடாத." இன்னிக்கு வரைக்கும் விடல.