எலியாவின் பள்ளத்தில் கொஞ்ச நேரம்

சீனாய் மலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மோசேயைத் தேடித்தான் போகிறார்கள். எரியும் முட்செடி, பத்துக் கட்டளைகள், உச்சியில் சூரிய உதயம். எங்கள் குழுவும் அப்படித்தான். எனக்கு மட்டும் மனசு எலியா தீர்க்கதரிசியின் பக்கம் இருந்தது.

கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறக்கியவர், பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிரே தனியாளாக நின்றவர், ராணி யேசபேல் ஆள் அனுப்பி மிரட்டியதும் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு வனாந்தரத்துக்குள் ஒருநாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். அங்கிருந்து 40 நாள் நடந்து வந்து சேர்ந்த இடம் தேவனுடைய பர்வதமாகிய ஓரேப், அதாவது சீனாய். பெயெர்செபாவிலிருந்து இந்த மலைக்கு நேர்கோட்டில் பார்த்தாலும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அதற்கு 40 நாள் என்றால், ஒரு நாளைக்கு ஏழெட்டு கிலோமீட்டர். ஓடுகிறவனின் வேகமா அது? உள்ளுக்குள் உடைந்துபோனவனின் நடை.

பைபிள் சொல்லும் ஓரேப், நாங்கள் ஏறிய, அரபியில் ஜெபல் மூசா எனப்படும் இந்த மலைதானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வாதாடட்டும். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்த எகேரியா என்ற பெண் யாத்திரிகருக்கே எலியா ஒளிந்த குகை என்று ஒன்றைக் காட்டியிருக்கிறார்கள். அத்தனை தலைமுறை ஜெபித்த இடம் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நள்ளிரவு தாண்டிக் கிளம்பினோம். பெதுவின் வழிகாட்டி ஒருவர் முன்னால் நடந்தார். ஜபாலியா இனத்தவர், மலையடிவாரத்துப் புனித கத்தரீனாள் மடத்தோடு நூற்றாண்டுகளாகச் சேர்ந்து வாழும் மக்கள். இருட்டுக்குள்ளிருந்து ஒட்டகத்தின் மூச்சு திடீரென்று காதருகே கேட்கும், நாம்தான் ஒதுங்க வேண்டும். ஒட்டகப் பாதை முடிகிற இடத்திலிருந்து உச்சிக்கு 750 கல்படிகள். எல்லாரும் அதில் மூச்சுவாங்க ஏறுவதால், பக்கத்திலேயே கொஞ்சம் கீழே இருக்கும் எலியாவின் பள்ளம் பலர் கண்ணில் படுவதே இல்லை. உச்சியில், 2,285 மீட்டர் உயரத்தில், ஒரு சிற்றாலயமும் சிறு மசூதியும் அருகருகே இருக்கின்றன. உதயம் அழகுதான். ஆனால் அத்தனை கைப்பேசிகளுக்கு நடுவே நின்று ஜெபிக்க எனக்கு வரவில்லை.

இறங்கும்போது சிலர் மட்டும் பழைய படிவழியைப் பிடித்தோம். ஒரு துறவி தவமாகப் போட்டதாகச் சொல்லப்படும் படிகள் அவை. முழங்காலைப் பதம் பார்க்கும். அந்த வழியில்தான் பள்ளம். சுற்றிலும் செம்பழுப்பு கிரானைட் சுவர்கள், நடுவில் மணல் தரை, மிகப் பழைய சைப்ரஸ் மரம் ஒன்று. எலியாவின் சிற்றாலயம் பூட்டியிருந்தது. உச்சியில் முகத்தை அறைந்த காற்று இங்கே துளிகூட இல்லை.

எங்கள் வழிகாட்டி சுள்ளி சேர்த்துத் தீமூட்டி, தணல் விழுந்ததும் பிசைந்த மாவைத் தட்டி நேராகத் தணலுக்குள்ளேயே வைத்தார். மேலே சாம்பலை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, குச்சியால் தட்டித் தட்டிச் சாம்பலை உதிர்த்து, பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். ஓரம் கருகி, உள்ளே மெத்தென்று இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தியா தம்பி, தேவதூதன் எலியாவுக்குக் குடுத்ததும் தழல்ல சுட்ட அடைதானே. ஆண்டவர் அவரை ஒரு வார்த்தை திட்டல. முதல்ல சாப்பிட வச்சு, தூங்க வச்சு, மறுபடியும் சாப்பிட வச்சார்" என்றார். எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இதை இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை.

போதகர் ஐயா அங்கேயே 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்தார். பர்வதங்களைப் பிளக்கிற பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி. ஒன்றிலும் கர்த்தர் இல்லை. மோசேயின் காலத்தில் இதே மலை அக்கினியால் புகைந்து அதிர்ந்தது. கர்மேலிலும் எலியாவுக்குப் பதில் அக்கினியாகத்தான் வந்தது. எலியா எதிர்பார்த்து வந்ததும் அதுவாகத்தான் இருக்கும். கிடைத்ததோ அமர்ந்த மெல்லிய சத்தம். அதைக் கேட்டுச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகையின் வாசலில் நிற்கிறார்.

பெரும்பாலான பிரசங்கங்கள் இதோடு நின்றுவிடும். எனக்கென்னவோ அடுத்து வருவதுதான் பெரிதாகப் படுகிறது. "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று முன்பு கேட்ட அதே கேள்வி திரும்ப வருகிறது. எலியாவின் பதிலும் மாறவில்லை: நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன். அவ்வளவு பெரிய தரிசனத்துக்குப் பிறகும் மனுஷன் அப்படியேதான் இருக்கிறார்! கர்த்தர் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை, தேற்றிக்கொண்டும் உட்காரவில்லை. திரும்பிப் போ என்று சொல்லி வேலை கொடுக்கிறார். சீரியாவுக்கு ராஜாவாக ஆசகேல், இஸ்ரவேலுக்கு ராஜாவாக யெகூ, எலியாவின் இடத்துக்குத் தீர்க்கதரிசியாக எலிசா என்று மூன்று பேரை அபிஷேகம் பண்ணச் சொல்லி, பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் இருக்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்.

அந்தப் பள்ளத்தில் எலியாவின் சிற்றாலயத்தை ஒட்டியே எலிசாவுக்கும் ஒன்று இருக்கிறது. எலிசா இந்த மலைக்கு வந்ததாக வேதத்தில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் தனியாள் என்று புலம்பியவருக்கு எலிசா என்ற பெயர் கிடைத்தது இந்த மலையில்தானே. மூன்று வேலைகளில் எலியா நேரடியாகப் போய்ச் செய்ததாக வேதம் காட்டுவதும் எலிசாவை அழைத்தது ஒன்றைத்தான். ஆசகேலும் யெகூவும் எலிசாவின் காலத்துக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம் மடத்துக்கு இறங்கினோம். 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் கட்டுவித்த புனித கத்தரீனாள் மடம். தேவாலயத்தின் பலிபீடத்துக்கு மேலே கிறிஸ்து மலைமேல் ஒளிமயமாக மாறியதைக் காட்டும் மறுரூப மொசைக்கில் அவருடைய இருபுறமும் மோசேயும் எலியாவும் நிற்கிறார்கள். முன்னாலிருக்கும் ஐகான் தட்டி, அதாவது திருவுருவப் படங்கள் பதித்த தடுப்பு, மறைப்பதால் முழுசாகத் தெரியவில்லை. பெரியம்மா எக்கி எக்கிப் பார்த்து, இரண்டு பேரில் எது எலியா என்று என்னிடம் கேட்டார். நான் சொல்வதற்குள் காவலர் நகரச் சொல்லிவிட்டார். நண்பகலுக்குள் கதவை மூடிவிடுவார்களாம்.