கிளாஸ்கோவில எக்கவுண்ட்ஸ், கொக்கட்டிச்சோலையில கிழமைக் காசு

நான் ஸ்கொட்லாந்துக்குப் படிக்கப் போறன் எண்டதும் மட்டக்களப்புப் பக்கம் எங்கட ஊரில முதல் வந்த கேள்வி எவ்வளவு சிலவு எண்டது, என்ன படிக்கப் போறாய் எண்டது அதுக்குப் பிறகுதான். எக்கவுண்டிங்கும் பினான்ஸும், ஆனா லாபத்தை மட்டும் பாக்காம சூழலையும் ஆக்களையும் சேத்துக் கணக்குப் பாக்கிறது, நேர்மையா முதலீடு செய்றது எண்டு நான் விளங்கப்படுத்த, பக்கத்து வளவு மாமி "கணக்கெண்டா நேர்மையாத்தானே புள்ள பாக்கணும், அதுக்கு என்னத்துக்கு லண்டன் போறாய்" எண்டு கேட்டா. மாமிக்கு ஸ்கொட்லாந்தும் லண்டன்தான். அவட கேள்வியில ஒரு பிழையும் இல்ல, எண்டாலும் அப்ப என்னட்ட மறுமொழி இருக்கல்ல.

காசு எங்கால வந்ததெண்டு முதல்லயே சொல்லிப்போடுறன், இதைத்தான் வெளிநாடு வந்த எல்லாரும் சொல்லாம விடுறாங்க. எங்கட பக்கம் வீடு பொம்புளப் புள்ளைக்குத்தான், சீதனமா அம்மாட்ட இருந்து மகளுக்கு வரும், அந்த வீட்டு உறுதியத்தான் பேங்க்ல வைச்சு லோன் எடுத்தம். சீதன வீட்ட ஈடு வைச்சுப் படிக்கப் போறாளாம் எண்டு கொக்கட்டிச்சோலை தேர்த் திருவிழாவில கூட கதைச்சிருக்கிறாங்க. பீஸுக்கு முற்பணம், விசாக் காசு, அதுக்கு மேல மருத்துவத்துக்கெண்டு வருஷத்துக்கு 776 பவுண்ட், அதுக்கும் மேல இருக்கிறதுக்கும் சாப்பிடுறதுக்குமான காசு எக்கவுண்ட்ல 28 நாள் தொடர்ந்து அசையாமக் கிடக்கணும். அந்தக் காசைக் காட்டுறதுக்கு எண்டே வட்டிக்குக் குடுக்கிற ஆக்கள் டவுன்ல இருக்கிறாங்க, ஒரு ஏஜென்ட் அப்பாட்ட வந்து "28 நாள்தானே அண்ணன், நான் பாத்துத் தாறன்" எண்டவர். எத்திக்ஸ் படிக்கப் போற புள்ளைக்குப் பொய்க் காசு காட்டி விசா எடுக்கிறதா எண்டு அப்பா சிரிச்சுக்கொண்டே அனுப்பிப்போட்டார், மறுகா சின்னம்மாட காப்பும் மாலையும் அடகுக்குப் போனது.

வந்து இறங்கினது செப்டம்பர். இஞ்ச எல்லாரும் குளிர் குளிர் எண்டு பயப்படுத்துவாங்க, குளிரைச் சமாளிக்கலாம், இருட்டுத்தான் கஷ்டம். டிசம்பர்ல பின்னேரம் நாலு மணிக்கு முதலே பொழுது பட்டிரும், லெக்சர் முடிஞ்சு வெளிய வந்தா நடுச்சாமம் மாதிரி இருக்கும், வயிறு சோத்துக்கு அடிக்கும், நேரத்தப் பாத்தா நாலரை. நாங்க இருக்கிற பழைய கல்லு வீட்டுல கரண்டுக்குக் காசு முதல்ல போடணும், மூலைக் கடையில டொப்அப் பண்ணிக்கொண்டு வந்து மீட்டர்ல போட்டாத்தான் ஹீட்டர் சூடாகும். என்னோட இருக்கிறது ஒரு கேரளாப் புள்ளையும் ஒரு நைஜீரியா அக்காவும், மூண்டு பேரும் சேந்து எடுத்த முதல் முடிவு ஹீட்டர் ராவைக்கு ஒரு மணித்தியாலம்தான் எண்டது. மூண்டு பேரும் பினான்ஸ் படிக்கிறம், ஆனா அந்த மீட்டரைப் போல ஒருத்தரும் எங்களுக்குச் செலவுக் கட்டுப்பாடு படிப்பிக்கல்ல!

சாப்பாட்டுக்குப் பெரிய பிரச்சினை இல்ல. பொலொக்ஷீல்ட்ஸ் பக்கம் ஆல்பர்ட் ட்ரைவ்ல ஆசியக் கடைகள் இருக்கு, முருங்கக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும், விலையக் கேட்டா ரூபாவில பெருக்கிப் பாக்காம வாங்கோணும். சட்டியில உறைஞ்ச எங்கட எருமைத் தயிர்தான் இல்ல, இஞ்ச இருக்கிறதுக்கும் தயிர் எண்டுதான் பேர். வேலைக்கு கெயார் ஹோம் ஒண்டுக்குப் போறன், கெம்பஸ் நடக்கிற காலத்தில கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல செய்ய ஏலா, அது விசாச் சட்டம். நான் வரக்குள்ள ஆகக் குறைஞ்ச சம்பளம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுண்ட். 20 மணித்தியாலத்துக்கு மேல செய், கையில காசு தாறன் எண்டு ஒராள் கேட்டார், ஏலாது எண்டுட்டன், பிடிபட்டா விசாவும் போகும் வீடும் போகும்.

சரி, படிப்பு. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில நான் படிச்ச எக்கவுண்டிங், பற்று வரவு சமப்பட்டாச் சரி எண்ட எக்கவுண்டிங். இஞ்ச முதல் கிழமையே லெக்சரர் கரிலியன் எண்ட கட்டடக் கம்பனிட கதையோட தொடங்கினார். 2018 ஜனவரியில விழுந்த கம்பனி, ஆஸ்பத்திரி, ரோட்டு, பள்ளிக்கூடச் சாப்பாடு எண்டு இந்த நாட்டு அரசாங்கத்துட எக்கச்சக்க கொன்ட்ராக்ட் வைச்சிருந்தது, விழக்குள்ள கடனும் கடப்பாடும் கிட்டத்தட்ட 700 கோடி பவுண்ட், கையில காசு 2 கோடி 90 லட்சம்தான். அதுக்கு முதல் வருஷம் கூட பங்குக்காரருக்கு லாபப் பங்கு குடுத்தவங்க, வேலையாக்கள்ட பென்ஷன் பண்டில ஓட்டை கிடந்தது, ஓடிட்டர் கையெழுத்தும் போட்டிருந்தது. பற்றும் வரவும் சமப்பட்டுத்தான் இருந்தது. அந்த லெக்சர் முடியக்குள்ள மாமிட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது, மாமி நினைக்கிற அளவுக்குக் கணக்கு தானா நேர்மையா இருக்கிறதில்ல.

இந்த ஊரும் இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான ஊர்தான். ஜமேக்கா ஸ்ட்ரீட், புக்கனன் ஸ்ட்ரீட் எண்டு நாங்க சும்மா நடக்கிற தெருவுகள்ட பேரெல்லாம் புகையிலை, சீனி வியாபாரத்தில வந்தது, அந்தக் காலத்துத் தோட்டக் கணக்குக் கொப்பியில அடிமையாப் பிடிச்ச மனிசரை மாட்டுக்குப் பக்கத்தில சொத்தெண்டு விலை போட்டு எழுதியிருக்கிறாங்க. எங்கட நாட்டுத் தேயிலையால பேரெடுத்த தோமஸ் லிப்டன் இந்த ஊர்க்காரர்தான், முதல் கடை 1871ல இஞ்சதான் திறந்தவர். பிறகு இதே ஊர்ல கிளாஸ்கோ யுனிவர்சிட்டி 2014ல எண்ணெய், நிலக்கரிக் கம்பனியில போட்ட முதலீட்டை வெளிய எடுக்கிறம் எண்டு சொன்ன ஐரோப்பாட முதல் யுனிவர்சிட்டி. 2021ல க்ளைட் ஆத்தங்கரையில கொப்26 எண்ட ஐநா காலநிலை மாநாடு நடக்கக்குள்ளதான், உலகம் முழுக்க ஒரே மாதிரி நிலைபேற்றுக் கணக்கு எழுத ஐஎஸ்எஸ்பி எண்டு ஒரு சபை அமைக்கப் போறம் எண்டு அறிவிச்சாங்க, 2023 ஜூன்ல ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 எண்டு ரெண்டு கணக்குத் தரங்கள் வந்தது. எங்கட நாட்டுக் கணக்காளர் நிறுவனம் சிஏ ஸ்ரீ லங்காவும் அதையே எஸ்எல்எஃப்ஆர்எஸ் எண்டு எடுத்து, கொழும்புப் பங்குச் சந்தையில இருக்கிற பெரிய கம்பனிகளுக்கு 2025 ஜனவரியில இருந்து கட்டாயமாக்கத் தொடங்கிட்டுது. அதால ஊரில "இதப் படிச்சு இஞ்ச என்ன வேலை" எண்டு கேக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு, வேலை இருக்கு, கொழும்பில ஆள் தேடுறாங்க.

கார்பன் கணக்கும் படிப்பிக்கிறாங்க, ஸ்கோப் ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு. கம்பனி தானே எரிக்கிறது ஒண்டு, வாங்கிற கரண்டுக்குப் பின்னால எரியிறது ரெண்டு, மத்ததெல்லாம் மூண்டு. இஞ்ச ஒரு சுப்பர் மார்க்கெட் அரிசி வித்தா, தண்ணி நிக்கிற வயல்ல இருந்து கிளம்பிற மீதேன் வாயுவும் அந்தக் கடைட ஸ்கோப் மூண்டுலதான் சேரும். கிளாஸ்ல எல்லாரும் அதை ஒரு டயக்ரமாப் பாக்க, எனக்குக் கண்ணுக்குள்ள அம்பாறை வயல்தான் நிண்டது.

ஆனா நான் உண்மையில கதைக்க வந்தது இதில்ல, ஏழைப் பொம்புளையளுக்குக் குடுக்கிற சின்னக் கடன், நுண்கடன் எண்டு சொல்றது, அந்த லெக்சரைப் பத்தி.

சமூக நன்மைக்கான முதலீடு எண்டு ஒரு பாடம். அதுல பங்களாதேஷ், கிராமீன் பேங்க், 1983ல பேங்கானது, 2006ல முகம்மது யூனுஸுக்கும் பேங்குக்கும் சேத்து நோபல் சமாதானப் பரிசு. ஸ்லைட்ல சாறி உடுத்த பொம்புளையள் வட்டமா இருந்து சிரிக்கிறாங்க, பக்கத்தில திருப்பிக் கட்டுற வீதம் 90க்கு மேல எண்டு பெரிய எழுத்து. ஏன் இவ்வளவு நல்லாக் கட்டுறாங்க எண்டு லெக்சரர் கேட்க, ஒரு புள்ள நம்பிக்கை எண்டுது, இன்னொராள் சமூகப் பிணைப்பு எண்டார். எனக்குச் சின்னம்மாட விறாந்தை ஞாபகம் வந்தது.

சின்னம்மாட வீட்டு விறாந்தைதான் எங்கட பகுதிக்கு லோன் கூடுற இடம். நான் ஏஎல் கொமர்ஸ் படிக்கக்குள்ள, எழுத்து வடிவெண்டு அவங்கட குழுக் கொப்பி என்னட்டத்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலம்பற மோட்டார் சைக்கிள்ல தம்பி ஒராள் பேக்கோட வருவார், பொம்புளையள் பாயில இருப்பாங்க, ஒவ்வொராளா காசை எண்ணி வைக்க நான் டிக் போடுவன். ஒராள் கட்டாட்டி மத்தவங்க சேந்து போட்டுக் கட்டணும், குழுப் பிணை எண்டா அதுதான். போட ஏலாட்டி அந்தத் தம்பி எழும்ப மாட்டார், மத்தியானம் ஆகும், சமையல் கிடக்கும், பள்ளிக்கூடத்தால புள்ளையள் வந்திருவாங்க, கடைசியில யாராவது தோட்டைக் கழட்டிக் குடுத்து அடகுக்கடைக்கு ஆள் போகும். அவரும் பாவம், அவருக்கும் மேலால போன் வந்துகொண்டே இருக்கும். பிறகு பாத்தா வெள்ளிக்கிழமை இன்னொரு கம்பனி, செவ்வாய்க் கடனைக் கட்ட வெள்ளிக் கடன். கொப்பியில மட்டும் ஒரு கட்டமும் வெறுமையா இல்ல, நூத்துக்கு நூறு டிக்.

இதைக் கிளாஸ்ல எழும்பிச் சொன்னன், என்ட இங்கிலீஷ்ல திக்கித் திக்கி. லெக்சரர் நல்ல மனிசன், அடுத்த கிழமை அரை மணித்தியாலம் தந்து நீயே செய் எண்டார். அதுக்குத்தான் எக்ஸல்ல போட்டுப் பாத்தன். நீங்களும் பாருங்க. 50,000 ரூபா கடன், வருஷத்துக்கு 24 வீதம் பிளாட் வட்டி, 52 கிழமை. மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192. கேக்க 24 வீதம்தானே எண்டு இருக்கும். ஆனா நீங்க ஒவ்வொரு கிழமையும் முதலைக் குறைச்சுக்கொண்டு வாறீங்க, அரை வருஷத்தில மொத்தத்தில அரைவாசி கட்டியாச்சு, வட்டி மட்டும் முழு 50,000க்கும் கடைசி வரை ஓடுது. குறைஞ்சு போற மீதிக்குப் பாத்தா அது வருஷத்துக்கு 44 வீதம், கூட்டு வட்டியாப் போட்டா 55 வீதம். முன்னுக்கே போம் காசு, இன்சூரன்ஸ் எண்டு கொஞ்சம் வெட்டிக்கொண்டு தந்தா இன்னும் ஏறும். அந்தக் கொப்பிய எழுதின எனக்கு அப்ப யாரும் இதச் சொல்லித் தரல்ல, ஏஎல் பாடத்திலயும் பிளாட் வட்டி எண்டு ஒரு கேள்வி வந்த ஞாபகம் இல்ல.

இஞ்சயும் இந்தக் கூத்து இருந்திருக்கு. சம்பளம் வரும் வரைக்கும் எண்டு குடுக்கிற பேடே லோன், வட்டி ஆயிரக்கணக்கான வீதத்தில. 2015 ஜனவரியில ஒரு நாளைக்கு 0.8 வீதத்துக்கு மேல எடுக்க ஏலா, வாங்கினதுட ரெட்டிப்புக்கு மேல மொத்தமாத் திருப்பி வாங்கவும் ஏலா எண்டு சட்டம் வந்தது, அதுக்குப் பிறகு பெரிய பெரிய கம்பனி சிலது படுத்திட்டுது. எங்கட நாட்டில 2016ல நுண்நிதிச் சட்டம் வந்தது, 2018ல வரட்சி பாதிச்ச 12 மாவட்டப் பொம்புளையள்ட தவணை தவறின, ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்தது, மட்டக்களப்பும் அம்பாறையும் அதுல இருந்தது, வட்டிக்கு 35 வீத உச்சமும் சொன்னாங்க. அதே வருஷம் ஐநாட கடன் விசயத்துக்கான நிபுணர் பொஹோஸ்லாவ்ஸ்கி வந்து பாத்திட்டு இந்தக் கடன்கள் பொம்புளையளை என்ன பாடு படுத்துது எண்டு அறிக்கையும் எழுதினவர். எண்டாலும் 2021ல பொலன்னறுவைப் பக்கம் ஹிங்குராக்கொடையில பொம்புளையள் கடனை ரத்துச் செய்யச் சொல்லி ரோட்டோரத்தில சத்தியாக்கிரகம் இருக்கிற நிலைமைதான்.

இப்ப இதை இந்தப் புதுக் கணக்குத் தரங்களுக்குள்ள வைச்சுப் பாருங்க. ஐஎஸ்எஸ்பி கேக்கிற கேள்வி, உலகத்தில நடக்கிறது கம்பனிட காசை எப்பிடிப் பாதிக்கும் எண்டது. ஐரோப்பாக்காரர் இன்னொண்டும் சேத்துக் கேக்கிறாங்க, கம்பனி உலகத்தை எப்பிடிப் பாதிக்குது எண்டு. முதல் கேள்விய மட்டும் வைச்சா, சின்னம்மாட விறாந்தையில தோடு கழட்டினது ரிப்போர்ட்ல வரவே வராது, கட்டுற வீதம் விழாத வரைக்கும் அங்க ஒரு ரிஸ்க்கும் இல்ல. ரிப்போர்ட்ல வாறது எத்தனை பொம்புளையளுக்குக் கடன் குடுத்தம் எண்ட நம்பர்தான், அது கூடக் கூட கம்பனிக்குப் பேர். நான் ஐரோப்பாக்காரர் பக்கம். அதுல பேப்பர் வேலை கூட எண்டு அவங்களே இப்ப வெட்டிக் குறைக்கிறாங்க, அது எனக்குக் கவலைதான், வேற என்ன செய்ற.

டெசர்டேஷனும் இதிலதான் எழுதுறன். ஊர்ப் பொம்புளையளோட வட்சப்ல கதைச்சு, கம்பனி வருஷ அறிக்கையில என்ன நம்பர் வரணும் எண்டு நீங்க நினைக்கிறீங்க எண்டு கேட்டன். பெரிய தத்துவம் ஒண்டும் வரல்ல. ஒரு வீட்டுக்கு எத்தனை கம்பனிக் கடன் எண்டு போடட்டும் எண்டாங்க ரெண்டு மூண்டு பேர். ஒரு அக்கா, எத்தனை பேர் அடகு வைச்சுக் கட்டினது எண்டு போடட்டும் எண்டா. என்ட சுப்பர்வைசருக்கு அந்த ரெண்டாவதுதான் நல்லாப் பிடிச்சிருக்கு, அதை எப்பிடி அளக்கிற எண்டுதான் இப்ப மண்டையப் போட்டு உடைக்கிறம்.

வீட்டு உறுதி இன்னும் பேங்க்லதான். படிச்சு முடிய விசாவை நீட்டி வேலை தேடலாம், தேடுறன், எங்கட அம்மா ஒவ்வொரு ஞாயிறும் அதையே கேட்டு அதையே மறந்து திரும்பக் கேப்பா. அந்த எக்ஸலைத் தமிழ்ல போட்டு சின்னம்மாட போனுக்கு அனுப்பியிருந்தன், கடன் தொகையும் கிழமைக் காசும் அடிச்சா உண்மை வட்டி வரும். போன கிழமை புதுக் கம்பனி ஒண்டில இருந்து ஒரு தம்பி போமோட வந்தவராம். சின்னம்மா போனைத் திறந்து வைச்சுக்கொண்டு, இது பிளாட்டா தம்பி, குறையிற வட்டியா எண்டு கேட்டிருக்கா. அவர் மெனேஜர்ட்ட கேட்டுச் சொல்றன் எண்டு போனவர், இன்னும் வரல்லயாம்.